ப்ளக்கில் சொருகும் வாட் மீட்டர் வாங்கலாமா? மூன்று மாதம் வீடு முழுக்கச் சொருகிப் பார்த்த பிறகு

போன முறை எங்கள் வீட்டுக்கு 546 யூனிட் வந்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள், முதல் 100 யூனிட் இலவசம், அதெல்லாம் சரி. ஆனால் 500-ஐத் தாண்டினால் மேலே இருக்கிற 46 யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழ்ப்படியில் இருப்பதற்கும் சேர்த்து விலை மாறிவிடும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு இது பட்டுத் தெரிந்த விஷயம். அம்மாவைக் கேட்டால், "ராத்திரி பூரா கம்ப்யூட்டரப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்க, பின்ன வராதா?" என்கிறார். நான் குளிக்கிற வெந்நீருக்குப் போடும் ஹீட்டர் ராடைச் சொன்னேன். தங்கை ஃபிரிட்ஜைச் சொன்னாள். ஆளாளுக்கு ஒரு குற்றவாளி, சாட்சி யாரிடமும் இல்லை.

அடுத்த வாரம் சென்னைக்கு ஒரு வேலையாகப் போனபோது ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஏறி இறங்கி, ப்ளக்கில் சொருகுகிற வாட் மீட்டர் ஒன்றை 900 ரூபாய்க்கு வாங்கிவந்தேன். பிராண்ட் கேட்காதீர்கள், சொல்வதற்கு ஒன்றும் இல்லை, அட்டைப்பெட்டியில் பெயர் என்று எதுவுமே கிடையாது. இதே பொருள் ஆன்லைனில் ஆறேழு பெயரில் ஓடுகிறது, உருவம் ஒன்றுதான், ஸ்டிக்கர்தான் வேறு. கடைக்காரர் ஒரு குண்டு பல்பைப் போட்டுக் காட்டினார், எண் வந்தது, "அவ்வளவுதான் சார், ஒரு வாரம் வாரண்டி" என்று பில்லைக் கிழித்துக் கொடுத்துவிட்டார்.

தெரியாதவர்களுக்கு: சுவரில் இருக்கும் ப்ளக் பாயிண்டில் இதைச் சொருக வேண்டும், இதன் முகத்தில் இருக்கும் ஓட்டையில் நம் மிக்ஸியையோ அயர்ன் பாக்ஸையோ சொருக வேண்டும். நடுவில் உட்கார்ந்துகொண்டு எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், எத்தனை வாட், பவர் ஃபேக்டர் எவ்வளவு, இதுவரை எத்தனை யூனிட் ஓடியது என்று வரிசையாகக் காட்டும். இப்படி எல்லாவற்றையும் அதுவே சொல்லிவிடும்போது நமக்கென்ன கணக்கு வேலை என்றுதான் நானும் நினைத்தேன். ஓய்வுபெற்ற வயர்மேனான என் சித்தப்பா இதைப் பார்த்த முதல் நாளே, "ஏண்டா, வோல்டேஜும் கரண்டும் தெரிஞ்சா மிச்சத்த மனசுலயே போடலாம், இதுக்குப் போய் தொள்ளாயிரமா?" என்று கேட்டார். அவர் பேச்சை அப்போது நான் மதிக்கவில்லை.

முதல் சோதனை, பரணில் கிடந்த பழைய 100 வாட் குண்டு பல்பு. மீட்டர் காட்டியது 226 வோல்ட், 0.43 ஆம்பியர், 97 வாட். பெருக்கிப் பாருங்கள், 226 × 0.43 = 97 சொச்சம். வகுத்தால், 226 ÷ 0.43, ஏறக்குறைய 525 ஓம். பள்ளியில் ஒன்பதாம் பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்ததுதான்: மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை, பெருக்கினால் மின்திறன். பல்பை ஒரு பத்து நிமிடம் ஆறவிட்டு, கழற்றி, வோல்ட், ஓம் எல்லாம் அளக்கும் மல்டிமீட்டரை ஓம் பக்கம் திருப்பி அடிமுனையிலும் பித்தளைத் தொப்பியில் உள்ள இன்னொரு முனையிலும் வைத்துப் பார்த்தேன். 38 ஓம். ஒரே பல்பு, 525 எங்கே, 38 எங்கே.

மீட்டர் கெட்டுப்போகவில்லை. எரிகிற டங்ஸ்டன் இழை இரண்டாயிரம் டிகிரிக்கும் மேலே சூட்டில் இருக்கிறது, சூடு ஏற ஏற அதன் தடையும் ஏறும், ஆறினால் பதினாலில் ஒரு பங்காகிவிடும். அப்படியானால் சுவிட்ச் போடும் அந்தக் கணத்தில் 226 ÷ 38, கிட்டத்தட்ட ஆறு ஆம்பியர் பாய்கிறது, அயர்ன் பாக்ஸ் இழுப்பதைவிட அதிகம். குண்டு பல்புகள் எரிந்துகொண்டிருக்கும்போது போகாமல் சுவிட்ச் போடும்போது 'டப்' என்று போனதற்குக் காரணம் இதுதான். ஆனால் இந்த மீட்டர் அந்த ஆறு ஆம்பியரைக் காட்டவே காட்டாது. விநாடிக்கு ஒரு முறைதான் எண்ணை மாற்றுகிறது, அதற்குள் இழை சிவந்து, வெளுத்து, எல்லாம் முடிந்துவிடும். ஸ்டார்ட்டிங் கரண்ட் பார்க்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் இது உங்களுக்கான பொருள் இல்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் அயர்ன் பாக்ஸ். 1000 வாட் என்று போட்டிருக்கிறது. சொருகியதும் 219 வோல்ட், 4.14 ஆம்பியர், 906 வாட். வகுத்தால் 52.9 ஓம். இதையே ஆறிய நிலையில் மல்டிமீட்டரில் பார்த்தால் 51 சொச்சம்தான் வருகிறது, பல்பு மாதிரி எகிறிக் குதிப்பதில்லை, ஏனென்றால் உள்ளே இருப்பது நிக்ரோம் காயில், அதன் தடை சூட்டுக்கு லேசாகத்தான் அசையும். அதனால் அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் ராட், கெட்டில் இதெல்லாம் கெட்டுப்போனால் தூக்கிப்போடும் முன் ப்ளக்கைக் கழற்றி, இரண்டு பின்னுக்கும் நடுவில் ஓம் பாருங்கள். (அயர்ன் பாக்ஸின் திருகியை ஆன் பக்கம் திருப்பி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நல்ல பெட்டியையே கெட்டது என்று முடிவு கட்டிவிடுவீர்கள்.) எவ்வளவு ஓம் வர வேண்டும் என்று யாரையும் கேட்கத் தேவையில்லை. 230-ஐ 230-ஆல் பெருக்கி, பெட்டியில் போட்டிருக்கும் வாட்டால் வகுத்தால் போதும். 1000 வாட்டுக்கு 52.9, 1500 வாட்டுக்கு 35.3, 2000 வாட் கெட்டிலுக்கு 26.5. அதை ஒட்டி வந்தால் காயிலும் அதன் வயரும் நன்றாக இருக்கின்றன, பெரும்பாலும் சுவரில் இருக்கும் ப்ளக் பாயிண்டிலோ அதன் சுவிட்சிலோதான் கோளாறு. எதுவுமே வரவில்லை என்றால், காயிலோ வயரோ உள்ளே இருக்கும் ஃபியூஸோ எங்கோ ஒன்று அறுந்திருக்கிறது.

அயர்ன் பாக்ஸில் இன்னொன்றையும் கவனித்தேன், உண்மையில் இந்த மீட்டரில் எனக்குப் பிடித்ததே இந்த இடம்தான். சுவிட்ச் போடும் முன் மீட்டரில் 222 வோல்ட் இருந்தது, போட்டதும் 219. மூன்று வோல்ட் எங்கே போனது? மின்மாற்றியிலிருந்து எங்கள் வீடு வரை, அங்கிருந்து மெயின் போர்டு, சுவருக்குள் ஓடும் வயர், இந்த ப்ளக் பாயிண்ட் வரை எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தடை இருக்கிறது, அது சாப்பிட்டுவிட்டது. எவ்வளவு தடை? 3 ÷ 4.14, அதாவது 0.72 ஓம். எத்தனை வாட் அதில் சூடாகிப் போகிறது? 3 × 4.14, பன்னிரண்டரை வாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு எண்ணை வைத்துக்கொண்டு சுவருக்குள் நான் பார்க்கவே முடியாத வயரின் தடையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று அன்றைக்கு எனக்கு ஒரே பெருமை. சித்தப்பா பெரிதாக அசரவில்லை. "மாடி ரூம்ல அதே பெட்டியப் போட்டுப் பாரு" என்றார். அங்கே எட்டு வோல்ட் இறங்கியது. பாயிண்டைக் கழற்றிப் பார்த்தால் நியூட்ரல் ஸ்க்ரூ லூசாகி, வயர் முனை கறுத்துக் கிடந்தது. (மெயினை அணைத்துவிட்டுக் கழற்றினோம், அதையும் அவர்தான் செய்தார்.)

எங்கள் வீட்டில் நிஜமாகவே சண்டை நடந்தது ஹீட்டர் ராடுக்குத்தான். 1500 வாட் ராட், பக்கெட்டில் முக்கிவைக்கிற சாதாரண ராட். விடிகாலை ஐந்தரைக்கு 231 வோல்ட், 6.54 ஆம்பியர், 1511 வாட். அதே ராட் சாயங்காலம் ஏழரைக்கு, தெருவே டிவி போட்டுக்கொண்டு மோட்டாரும் போட்டிருக்கிற நேரத்தில், 198 வோல்ட், 5.61 ஆம்பியர், 1111 வாட். இரண்டையும் வகுத்துப் பாருங்கள், இரண்டு நேரத்திலும் 35.3 ஓம்தான். ராட் மாறவில்லை, மாறியது வோல்டேஜ் மட்டும். ஆனால் வோல்டேஜ் 14 சதவீதம் இறங்கியதற்கு வாட் 26 சதவீதத்துக்கு மேல் இறங்கிவிட்டது, ஏனென்றால் வோல்டேஜ் குறைந்தால் கரண்டும் சேர்ந்து குறைகிறது, இரண்டையும் பெருக்கித்தானே வாட்.

'லோ வோல்டேஜ்ல ஹீட்டர் போட்டா பில் ஏறும்' என்பது எங்கள் தெருவில் வேதவாக்கு. ஏறாது. 18 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 45-க்குக் கொண்டுவர ஏறக்குறைய 0.36 யூனிட் வேண்டும் (ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்), அது காலையானாலும் சாயங்காலமானாலும் அதேதான். காலையில் 14 நிமிடம், சாயங்காலம் 19 நிமிடம், அவ்வளவுதான் வித்தியாசம். பக்கெட்டிலிருந்து காற்றுக்குப் போகிற சூடு சாயங்காலம் இன்னும் ஐந்து நிமிடம் சேர்த்துப் போகும், அது சில்லறைக் கணக்கு. ஒரு நாளைக்கு மூன்று பக்கெட், இரண்டு மாதத்துக்கு 64 யூனிட் சுமார். நான் சந்தேகப்பட்ட அளவுக்கு ராட் பெரிய குற்றவாளி இல்லை. மோட்டார் விஷயம் வேறு, இறைக்க வேண்டிய தண்ணீர் குறையாததால் வோல்டேஜ் குறைந்தால் அது கரண்டைக் கூட்டி இழுக்கும், காயில் சூடாகும். ராடுக்குச் சொன்னதை மோட்டாருக்குப் பொருத்தாதீர்கள்.

வோல்டேஜ் இப்படி ஏறி இறங்கினால் கணக்குப் பார்ப்பவனுக்கு எவ்வளவு எரிச்சல் என்று எனக்கு இந்த மூன்று மாதத்தில் நன்றாகவே தெரிந்துவிட்டது. வோல்டேஜைக் கரண்டால் வகுத்தால் தடை என்கிற ஓம் விதிக்குப் பெயர் கொடுத்த ஜார்ஜ் ஓமுக்கும் இதே தொல்லைதான். ஜெர்மனியில் கொலோன் நகரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தார், அந்தக் காலத்து பேட்டரிகள் ஓட ஓட அழுத்தம் இறங்கிக்கொண்டே போகும், ஒரு அளவு எடுத்துவிட்டு அடுத்ததை எடுப்பதற்குள் எல்லாம் மாறிவிடும். கடைசியில் பேட்டரியை விட்டுவிட்டு, செம்பும் பிஸ்மத்தும் சேர்ந்த இணைப்பின் ஒரு முனையைக் கொதிக்கும் தண்ணீரிலும் இன்னொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்து அதில் வரும் சின்ன, ஆனால் அசையாத அழுத்தத்தை வைத்துக்கொண்டு வேலையை முடித்தார். 1827-இல் புத்தகமாகவும் போட்டார், ஊரில் யாரும் சட்டை செய்யவில்லை, 1841-இல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்த பிறகுதான் மரியாதை. நமக்கு ஐஸும் வேண்டாம், வெந்நீரும் வேண்டாம், விடிகாலையில் அளந்தால் போதும்.

இப்போது இந்தப் பெட்டி வாங்கியதற்கு ஒரே நியாயமான காரணத்துக்கு வருகிறேன். பெருக்கினால் வாட் வந்துவிடும் என்றால் மீட்டர் எதற்கு என்று சித்தப்பா கேட்டார் இல்லையா, அதற்குப் பதில் மாவாட்டும் கிரைண்டரில் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை அம்மா இட்லிக்கு ஆட்டும்போது சொருகினேன். டேபிள் டாப் கிரைண்டர், காலியாகச் சுற்றும்போது 222 வோல்ட், 0.66 ஆம்பியர். பெருக்கினால் 146 சொச்சம். ஆனால் மீட்டர் காட்டிய வாட் 75. அம்மா ஊறிய உளுந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுத் தண்ணீர் தெளிக்கத் தெளிக்க எண் ஏறுகிறது, 90, 110, 128, மாவு பொங்கி வந்து கெட்டியாக உருளும்போது 146 வாட். ஆனால் அப்போது ஆம்பியர் என்ன தெரியுமா? 0.85 தான். வாட் இரண்டு மடங்கு ஆகிவிட்டது, ஆம்பியர் கால்வாசிக்குச் சற்று மேலேதான் கூடியிருக்கிறது. அம்மாவும் குனிந்து பார்த்தார். "தண்ணி விட்டா எறங்குது பாரு" என்று ஒரு கை தெளித்தார், 146-லிருந்து 139-க்கு வந்தது. அதற்கப்புறம் மாவு பதத்தைக் கையால் பார்ப்பதோடு மீட்டரிலும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். ராட், அயர்ன் பாக்ஸ், குண்டு பல்பு மாதிரி வெறும் தடையாக இருப்பவற்றில் வோல்டேஜும் கரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும், பெருக்கினால் வாட் சரியாக வரும். மோட்டாரில் கரண்ட் சற்றுப் பின்தங்கி வரும், வாங்கியதில் ஒரு பகுதியைக் காயிலின் காந்தத்துக்கு எடுத்துக்கொண்டு அடுத்த நொடித்துணுக்கில் லைனுக்கே திருப்பிக் கொடுத்துவிடும். வாங்கித் திருப்பியதற்கெல்லாம் வீட்டு மீட்டர் யூனிட் போடாது. பெருக்கி வருவதற்குப் பெயர் வோல்ட் ஆம்பியர் (விஏ), அதை பவர் ஃபேக்டரால் இன்னொரு முறை பெருக்கினால்தான் வாட். காலிக் கிரைண்டருக்கு அது 0.51, மாவோடு 0.78. இன்வெர்ட்டர் பெட்டியில் வாட் என்று போடாமல் 'விஏ' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது இந்தக் கணக்குதான், 850 விஏ என்றால் 850 வாட் இழுக்கும் என்று நம்பி வாங்காதீர்கள்.

9 வாட் எல்இடி பல்பிலும் இதே கூத்து. 224 வோல்ட், 0.07 ஆம்பியர், பெருக்கினால் 15 வாட்டுக்கு மேல், மீட்டர் சொல்வது 8.8 வாட், பவர் ஃபேக்டர் 0.56. பெருக்கிப் பார்த்துவிட்டு 'ஒன்பது வாட் என்று ஏமாற்றுகிறார்கள்' என்று நான் கடைக்குப் போயிருந்தால் அசிங்கப்பட்டிருப்பேன். வகுத்து 3200 ஓம் என்று எழுதிவைத்தாலும் அதற்கு அர்த்தமில்லை, உள்ளே இருப்பது காயில் இல்லை, கரண்டைத் துண்டு துண்டாக இழுக்கும் ஒரு சின்ன சர்க்யூட். பழைய சீலிங் ஃபேன் 73 வாட் காட்டியது, 0.34 ஆம்பியர், பவர் ஃபேக்டர் 0.96. அதில் பெருக்கல் கணக்கே போதும்.

குறைகளுக்கு வருவோம், நிறையவே இருக்கின்றன. ஆம்பியரை இரண்டு தசம இடத்துக்குத்தான் காட்டும். 4.14 என்று வரும்போது அது போதும், 0.07 என்று வரும்போது உண்மையில் 0.065-ஆகவும் இருக்கலாம் 0.075-ஆகவும் இருக்கலாம், அதை வைத்து வகுத்தால் வரும் ஓம் வெறும் ஜோசியம். இரண்டு வாட்டுக்குக் கீழே இருக்கிற எதையும் நம்பாதீர்கள், ராத்திரி விளக்கைச் சொருகினால் ஒரு நேரம் 0, ஒரு நேரம் 3 என்கிறது, சும்மா தொங்கும் மொபைல் சார்ஜருக்கு எப்போதும் 0 தான். உள்ளே விளக்கு இல்லை, எங்கள் வீட்டில் பாதி ப்ளக் பாயிண்ட் முழங்கால் உயரத்தில் கட்டிலுக்குப் பின்னால் இருக்கிறது, டார்ச் அடித்துக் குப்புறப் படுத்துத்தான் படிக்க வேண்டும். கரண்ட் போனால் சேர்த்துவைத்த யூனிட் அழிந்துவிடக்கூடாது என்று உள்ளே ஒரு பட்டன் செல் வைத்திருக்கிறார்கள், எனக்கு வந்த பெட்டியில் அது வரும்போதே செத்திருந்தது. ஃபிரிட்ஜை 21 மணி நேரம் ஓட்டிவிட்டு, பத்து நிமிடம் கரண்ட் போய் எல்லாம் பூஜ்யம் ஆனபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

ஆனால் பெரிய குறை இதெல்லாம் இல்லை, அந்த ஓட்டைதான். உலகத்து ப்ளக் எல்லாம் நுழைய வேண்டும் என்று அகலமாக வைத்திருப்பதால் நம்மூர் 16 ஆம்பியர் உருண்டைப் பின்னை அது இறுக்கிப் பிடிப்பதில்லை. முகத்தில் '16 ஆம்பியர்' என்று தைரியமாக அச்சடித்திருக்கிறார்கள். இண்டக்‌ஷன் அடுப்பைச் சொருகி 8.9 ஆம்பியரில் சாம்பார் வைத்த அன்று, இருபது நிமிடத்தில் பிளாஸ்டிக் வாசனை. கழற்றினால் ஒரு பின் கை வைக்க முடியாத சூடு. லூசாகத் தொடும் இடத்தில் 0.3 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், பார்க்க ஒன்றுமே இல்லாத தடை. ஆம்பியரை ஆம்பியரால் பெருக்கித் தடையால் பெருக்கினால், 8.9 × 8.9 × 0.3, ஏறக்குறைய 24 வாட். ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்ன் 25 வாட் தான். ஒரு சால்டரிங் அயர்னைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடிய கதை. அதே ஓட்டையில் அரை ஆம்பியர் இழுக்கும் டிவியைச் சொருகினால் அங்கே ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குகூட வராது, ஆண்டுக்கணக்கில் ஓடும். நான் இப்போது ஏழு ஆம்பியருக்கு மேல் இதில் எதையும் போடுவதில்லை, ராட் போட்டாலும் இரண்டு நிமிடம் அளந்துவிட்டு மீட்டரைக் கழற்றிவிடுகிறேன். எர்த் பின் இல்லாத இரண்டு பின் மாடலும் இருநூறு ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது, அதை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

'இதற்குப் பதில் முந்நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதாதா' என்று கேட்பவர்களுக்கு. வோல்ட் பார்க்க, ப்ளக்கைக் கழற்றி ஓம் பார்க்க போதும். வீட்டு கரண்டின் ஆம்பியர் பார்க்க தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். விலை குறைந்த மல்டிமீட்டர் பலவற்றில் ஏசி ஆம்பியர் அளவே கிடையாது, '10 ஆம்பியர்' என்று இருக்கும் ஓட்டை டிசிக்கு. என் ஹாஸ்டல் அறைத் தோழன் சிவப்பு வயரை அந்த ஓட்டையில் மாட்டி, 'எவ்வளவு கரண்ட் வருதுன்னு பாப்போம்' என்று இரண்டு முனையையும் ப்ளக் பாயிண்டில் விட்டான். வெடிச்சத்தம், நீல வெளிச்சம், மாடி முழுக்க இருட்டு, முனை இரண்டும் உருகிக் கட்டை. ஆம்பியர் அளவில் மீட்டரின் தடை கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, வயரை எடுத்து ஃபேஸையும் நியூட்ரலையும் நேராகச் சேர்ப்பது மாதிரிதான். எங்கள் வீட்டு லைனின் 0.72 ஓம் கணக்கை வைத்துப் பார்த்தால், 230 ÷ 0.72, 320 ஆம்பியர் பக்கம் பாய்ந்திருக்கும். கரண்ட் எகிறினால் தானே அணைந்துவிடும் எம்சிபி சுவிட்ச் இருந்ததால் அவன் இன்றைக்கும் இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்கிறான்.

சரி, 546 யூனிட் எங்கே போனது? கம்ப்யூட்டர் 110 வாட், ஆறு மணி நேரம், இரண்டு மாதத்துக்கு 40 யூனிட். ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு 1.3, ஆக 78. செட்டாப் பாக்ஸும் டிவியும் அணைக்காமல் விட்டது 11 வாட், கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் இருபத்துநான்கு மணி நேரம் என்பதால் அதுவே 16 யூனிட் ஆகிவிடுகிறது. ஃபேன், லைட், ராட், கிரைண்டர், மிக்ஸி, வாஷிங் மெஷின் எல்லாம் கூட்டியும் நூறு யூனிட்டுக்கு மேல் துண்டு விழுந்தது. இந்த மீட்டரில் சொருகவே முடியாத ஒன்று மட்டும் பாக்கி, தண்ணீர் மோட்டார். அதற்கு ப்ளக் கிடையாது, நேராக ஸ்டார்ட்டரிலிருந்து வயர்.

சித்தப்பா தன் கிளாம்ப் மீட்டரோடு வந்தார், வயரை வெட்டாமல் வெளியே கவ்வியே ஆம்பியர் பார்க்கும் மீட்டர் அது. இரண்டு வயரையும் சேர்த்துக் கவ்வினால் பூஜ்யம்தான் காட்டும், ஒற்றை வயரை மட்டும் கவ்வ வேண்டும். 6.8 ஆம்பியர், 215 வோல்ட், பெருக்கினால் 1462. அது வாட் இல்லை என்று கிரைண்டர் சொல்லிக்கொடுத்திருக்கிறதே. "வாட் வேணும்னா வெளிய வா" என்று மின்வாரிய மீட்டர் பெட்டிக்குக் கூட்டிப்போனார். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மோட்டாரை மட்டும் ஓடவிட்டு, அந்த மீட்டரில் விட்டு விட்டு மின்னுகிற சிவப்பு விளக்கை எண்ணச் சொன்னார். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்று முகப்பிலேயே அச்சடித்திருக்கும், எங்களுடையதில் 3200. ஒரு நிமிடத்தில் 64 முறை மின்னியது. ஒரு மணி நேரத்துக்கு 3840, அதை 3200-ஆல் வகுத்தால் 1.2 யூனிட். மோட்டார் 1200 வாட் இழுக்கிறது. 1200-ஐ 1462-ஆல் வகுத்தால் பவர் ஃபேக்டர் 0.82. செலவு, பைசா இல்லை.

ஒரு ஹெச்பி மோட்டாருக்கு 1200 வாட் என்பதில் பெரிய தப்பில்லை. தப்பு நேரத்தில் இருந்தது. ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம் ஓட வேண்டிய மோட்டார், காலையும் மாலையும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஓடியிருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. மாடி பாத்ரூமில் ஃப்ளஷ் டேங்க்கின் வாஷர் தேய்ந்து, ராத்திரி முழுக்கச் சத்தமே இல்லாமல் தண்ணீர் வடிந்துகொண்டிருந்திருக்கிறது. 108 யூனிட்டில் பாதி அந்த வழியாகச் சாக்கடைக்குப் போயிருக்கிறது. வாஷர் அறுபது ரூபாய். இந்த முறை வந்த கணக்கு 488.

ஆக 900 ரூபாய் மீட்டர் குற்றவாளியைப் பிடிக்கவில்லை, குற்றம் செய்யாதவர்களை ஒவ்வொருவராக விடுவித்தது, அதற்கு ஐந்துக்கு மூன்று மதிப்பெண் கொடுக்கலாம். ஓட்டை இறுக்கமாக இருந்திருந்தால் நான்கு. வாடகை வீட்டில் இருப்பவர்கள், சப் மீட்டர் கணக்கில் வீட்டுக்காரருக்கு யூனிட்டுக்கு எட்டோ பத்தோ கொடுக்கிறவர்கள் இதை வாங்கலாம், இரண்டு மூன்று வீடு சேர்ந்து ஒன்று வாங்கினால் இன்னும் நல்லது, தினமும் தேவைப்படுகிற பொருள் இல்லை. வாங்கும்போது கடையிலேயே பட்டன் செல்லைச் சோதிக்கச் சொல்லுங்கள், நம்மூர் ப்ளக் ஒன்றைக் கையோடு எடுத்துப் போய்ச் சொருகி ஆட்டிப் பாருங்கள், ஆடினால் அடுத்த கடை. வெறும் ஹீட்டரும் அயர்ன் பாக்ஸும்தான் அளக்க வேண்டும் என்றால் வாங்கவே வேண்டாம், வாசல் மீட்டரின் சிவப்பு விளக்கை எண்ணிவிட்டு உள்ளே வந்துவிடுங்கள்.

என் மீட்டரை இரவல் கேட்டு யாரும் எழுத வேண்டாம். மூன்று வாரமாக அது சித்தப்பா வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கிறது. திருப்பிக் கேட்டால், "இருடா, நடுவுல நடுவுல கரண்டு போயிடுது, முழுசா 24 மணி நேரம் ஒரு தடவ வரட்டும்" என்கிறார். பட்டன் செல் செத்துப்போனதை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.